தரைக்கு ஒரு முழம் மேலே

முதல் நாள் விடியலில், பள்ளி மைதானத்தில்
நானூறு சைக்கிள்கள் நின்றுகொண்டிருந்தன.
என்னுடையது மட்டும் படுத்திருந்தது.
"வழியில் தூங்கிவிட மாட்டீர்களே?"
பெயர் பதிகிறவர் கேட்டார்.
இதைக் கேட்ட பதினேழாவது ஆள் அவர்.
பதினேழாவது தடவையும் சிரித்து வைத்தேன்.

கழுத்தெலும்பு இரண்டைத் திருகாணி போட்டு
ஒன்றாக்கிவிட்டார்கள். இனிக் குனியக்கூடாது.
குனியாமலும் சைக்கிள் ஓட்டலாம் என்று சொன்னது மருத்துவர் அல்ல,
வெல்டிங் கடை லூமிர்.

தீவனக்கடை ஆர்வல் குச்செரா
பழைய ரசீதின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார்:
மைலுக்கு ஒரு டாலர்.
முதல் மேட்டிலேயே திரும்பிவிடுவேன் என்ற தைரியத்தில்
தாராளமாகக் கையெழுத்தும் போட்டார்.

நெப்ராஸ்காவைத் தட்டை என்பவர்கள்
இந்த மணற்குன்றுகளுக்கு வந்ததில்லை.
புல் போர்த்திய மேடு, பள்ளம், மறுபடி மேடு.
மற்றவர்கள் எழுந்து நின்று மிதிக்கிறார்கள்.
எனக்கு எழ வழியில்லை.
முதுகை இருக்கையில் முட்டுக்கொடுத்து
ஒவ்வொரு அடியாக விலை பேசுகிறேன்;
மேடு ஒரு காசு குறைக்க மாட்டேன் என்கிறது.
வெட்டுக்கிளி ஒன்று முழங்காலில் ஏறி
உச்சிவரை ஓசிப் பயணம் செய்து
நன்றி சொல்லாமல் இறங்கிப் போகிறது.

ஆனால் இறக்கம்!
இறக்கம் என்னுடையது.
கொடிக்கம்பு படபடக்க, காலை முன்னே நீட்டி,
சற்று முன் என்மேல் பரிதாபப்பட்ட அத்தனை பேரையும்
இடுப்புயரத்தில் கடந்து போகிறேன்.

முப்பத்தொரு வருடம் இந்தச் சாலைகளில்
தபால் வண்டி ஓட்டியவள் நான்.
பெட்டிகளின் வாயை மட்டுமே அறிவேன்.
இப்போதுதான் அவற்றின் அடிவயிற்றைப் பார்க்கிறேன்:
குளவிக்கூடு, துரு,
ஒன்றின் அடியில் ஒட்டுநாடாவில் ஒரு சாவி.
யாரிடமும் சொல்லப்போவதில்லை.

கணுக்காலைத் துரத்திப் பழகிய நாய் ஒன்று
பாய்ந்து வந்தது.
முகத்துக்கு நேராக முகம்.
என்ன செய்வதென்று தெரியாமல்
சாலையோரம் உட்கார்ந்துவிட்டது.

நான்காம் நாள் காற்று.
தெற்கிலிருந்து, கதவே இல்லாத வீட்டுக்குள் வருவதுபோல.
ஒருவர் முதுகில் ஒருவர் ஒளிந்து
வரிசை வரிசையாகத் திணறினார்கள்.
என் பின்னாலும் நான்கு பேர் வந்து பார்த்தார்கள்.
ஒளிய இடமில்லை. நான் அவ்வளவு தாழ்வு.
காற்று என்னைத் தாண்டி
அவர்கள் நெஞ்சில் அறைந்தது.
"மன்னியுங்கள்" என்று கத்தினேன்.
அதையும் காற்று கொண்டுபோயிற்று.

அதனால் அன்று நான்தான் முதல்.
தேவாலயத்தின் கீழ்த்தளத்தில்
ருபார்ப் பை இன்னும் வெட்டவில்லை,
காபி கொதிக்கவில்லை.
வாசலில் வெள்ளை வேன் நின்றது,
நாங்கள் காசு திரட்டுவது எதற்கோ, அந்த வேன்.
வாரம் மூன்று நாள், போக வரத் தொண்ணூறு தொண்ணூறு மைல்,
ரத்தம் சுத்தம் செய்ய ஆட்களை ஏற்றிப் போவது.
பக்கக் கதவு திறந்திருந்தது.
உள்ளே இருக்கையைச் சாய்த்து,
காலணியைக் கழற்றிவிட்டு ஒருவர்.
பெயர் வரவில்லை. பெட்டி எண் வந்தது: நூற்றுப் பதினான்கு.
எமில் ஷ்ராம்.

நான் இன்னும் இறங்கவில்லை.
இருவரும் ஒரே சாய்வில் இருந்தோம்.
"நீயும் படுத்துக்கொண்டுதானா?" என்றார்.
"எத்தனை மணி நேரம்?"
"இன்றைக்கு ஏழு."
"எனக்கு நான்கு," என்றார்.
"ஆனால் வானம் கிடையாது. கூரையில் ஓட்டைகள்.
ஒரு சதுரத்துக்கு நூற்று நாற்பத்து நான்கு."
எண்ணியிருக்கிறார்.
பை வெட்டியதும் ஒரு துண்டு கொண்டுபோனேன்.
தலையசைத்துவிட்டு ஓட்டுநருக்குக் கொடுத்தார்;
அவருக்குத் தடை.

ஐந்தாம் நாள், முடிவுக்கோட்டில்
ஆர்வல் குச்செரா காசோலைப் புத்தகத்தோடு நின்றார்.
இருநூற்றுத் தொண்ணூற்றொன்று என்று
எழுத ஆரம்பித்தார்.
"பொறுங்கள்," என்றேன்.
"மூன்றாம் நாள் வழி தவறி
இரண்டு மைல் கூடப் போனேன்."

தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார்.
சைக்கிளைப் பார்த்தார்.
அடித்துவிட்டு எழுதினார்.